கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும் வரம்



பெத்சாயிதா ஊரிலே நம் ஆண்டவர் பார்வையற்ற ஒருவனுக்குப் பார்வை கொடுத்த வரலாற்றை மாற்கு தமது நற்செய்தியின் 8-ஆம் அதிகாரத்தில் எழுதி வைத்திருக்கிறார். ஆண்டவர் அவனுடைய கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துச் செல்கிறார். கண்களில் உமிழ்நீரைத் தடவிக் கைகளை வைத்து, ஏதேனும் தெரிகிறதா என்று அவனிடமே கேட்கிறார். ஆட்கள் நடமாடுவது தெரிகிறது. ஆனால் மரம் எது மனிதர் எது என்று பிரித்தறிய முடியாதபடி மங்கலாகத் தெரிகிறது என்று அவன் சொல்கிறான். ஆண்டவர் மறுபடியும் அவன் கண்களில் கைகளை வைக்கிறார். அதன் பிறகே எல்லாம் அவனுக்குத் தெளிவாகத் தெரிகிறது.

கல்லறையில் நான்கு நாள் கிடந்த இலாசரை ஒரே அழைப்பில் எழுப்பியவர் அவர். அப்படிப்பட்டவர் இந்த ஒருவனுக்கு மட்டும் ஏன் இரண்டு தடவை கை வைத்தார்? அவருடைய வல்லமை குறைந்துவிடவில்லை. சில வரங்கள் கொஞ்சம் கொஞ்சமாகவே கிடைக்கும் என்பதையும், முதல் தடவையில் முழுப் பலன் தெரியாவிட்டால் மனந்தளராமல் மறுபடியும் கை வைக்க வேண்டும் என்பதையும் இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

இந்தப் பாடம் யாருக்கு மிகவும் வேண்டியது? மூன்று வயதாகியும் வாய் திறந்து கதைக்காத பிள்ளை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பாராத பிள்ளை, மற்றப் பிள்ளைகளோடு சேராமல் சிப்பிகளை வரிசையாக அடுக்குவதிலேயே நாள் முழுவதும் மூழ்கியிருக்கும் பிள்ளை, இப்படி ஒரு பிள்ளை உள்ள வீடுகளுக்கு. அந்த வீடுகளுக்காகவும், அவற்றின் அயலில் வாழும் நம் எல்லோருக்காகவும் இன்று சிந்திப்போம்.

தேற்றாத்தீவுக்கு வரும் வேண்டுதல்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வீதியால் தெற்கே போகிறவர்கள் தேற்றாத்தீவைத் தாண்டித்தான் போகிறார்கள். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். அங்கே புனித யூதா ததேயுவின் திருத்தலம் இருப்பதை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் இந்தப் பகுதியில் இராது. எல்லோரும் கைவிட்ட காரியங்களுக்குப் பரிந்து பேசுகிறவர் என்று திருச்சபை முழுவதும் மன்றாடும் புனிதர் அவர். அக்டோபர் 28-ஆம் நாள் அவருடைய திருநாள். அப்படிப்பட்ட புனிதரிடம், தன் பிள்ளை ஒரு தடவையாவது அம்மா என்று கூப்பிட வேண்டும் என்று மெழுகுதிரி ஏற்றி நேர்த்தி வைக்கும் தாயின் மன்றாட்டை விண்ணகம் கேளாமல் விடுமா?

தேற்றா மரத்தின் பெயராலேயே அந்த ஊருக்குப் பெயர் வந்தது என்று சொல்வார்கள். தேற்றாங்கொட்டையின் குணத்தை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள். கலங்கிய தண்ணீரை எடுக்கும் பானையின் உட்புறத்தில் அந்தக் கொட்டையை நன்றாக உரசித் தேய்த்து, பிறகு தண்ணீரை ஊற்றி அசைக்காமல் வைத்துவிடுவார்கள். சேறு மெல்ல அடியில் படிய, மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். அந்தக் குணத்தைக் கொட்டைக்குள் வைத்தவர் ஆண்டவர். ஆனால், அதை எடுத்துத் தேய்க்க ஒரு கை வேண்டும். படிவதற்குப் பொறுமை வேண்டும். கொட்டையை மாடத்தில் வைத்துக் கும்பிட்டுக்கொண்டே இருந்தால் பானைத் தண்ணீர் தெளியாது.

அன்பானவர்களே, நேர்த்தியும் அப்படித்தான். ஆண்டவர் தரும் பதில் சில வேளைகளில் ஒரு வைத்தியரின் அறிவாகவும், ஒரு தாயின் தினசரி உழைப்பாகவும் நம் கைக்கு வருகிறது. அந்தப் பதிலை எடுத்துத் தேய்க்காமல் இருந்துவிட்டு, புனிதர் கேட்கவில்லை என்று சொல்வது நியாயமாகாது.

யார் செய்த பாவம்?

இப்படியான பிள்ளை பிறந்த வீட்டுக்குள் முதலில் நுழைவது ஒரு கேள்வி. யார் செய்த பாவம் இது? அருளப்பர் நற்செய்தி 9-ஆம் அதிகாரத்தில் பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்டு சீடர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். இவனுடைய பாவமா, பெற்றோரின் பாவமா என்று. இரண்டும் இல்லை என்று ஆண்டவர் தெளிவாக மறுத்துவிட்டார். கடவுளின் செயல் அவனிடத்தில் வெளிப்பட வேண்டும் என்று சொல்லி, உடனே குனிந்து மண்ணைக் குழைத்து வேலையைத் தொடங்கினார். காரணம் தேடிக் குற்றஞ் சாட்டுவதில் அவர் ஒரு நிமிடமும் செலவழிக்கவில்லை.

ஆனால் நாம்? கர்ப்ப காலத்தில் தாய் எதையோ பார்த்துப் பயந்தாள் என்கிறோம். கைத்தொலைபேசியைக் கொடுத்துப் பழக்கியதால் வந்தது என்கிறோம். கண்ணூறு என்கிறோம், செய்வினை என்கிறோம். படித்த உலகமும் இந்தப் பிழையிலிருந்து தப்பவில்லை. ஓட்டிசம் என்று இன்று நாம் சொல்லும் நிலையை 1943-ஆம் ஆண்டு லியோ கன்னர் என்ற வைத்தியர் அமெரிக்காவில் விவரித்து எழுதினார். அதன் பிறகு பல ஆண்டுகளாக, பாசமில்லாத தாய்மாரால்தான் பிள்ளைகளுக்கு இது வருகிறது என்று மேல்நாட்டு அறிஞர்கள் சிலர் எழுதிக்கொண்டிருந்தார்கள். எத்தனை தாய்மார் அந்தச் சொல்லால் மனம் நொந்திருப்பார்கள்! அது முழுப் பொய் என்று பின்னர் தெளிவாயிற்று. 1998-இல் தடுப்பூசியின் மேல் பழி போட்ட ஆய்வுக் கட்டுரையும் 2010-இல் அதை வெளியிட்ட மருத்துவ இதழாலேயே மீளப்பெறப்பட்டது. ஓட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் பிறப்புக்கு முன்பே தொடங்கும் வேறுபாடு; அதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு என்பதே இன்றைய மருத்துவம் சொல்வது. தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எவருக்கும் உரிமை இல்லை.

காத்திருக்கும் காலம் திரும்பி வராது

இரண்டாவதாக வீட்டுக்குள் நுழைவது ஓர் ஆறுதல் வார்த்தை. அவனுடைய அப்பாவும் பிந்தித்தான் கதைத்தவர், ஆம்பிளைப் பிள்ளைகள் அப்படித்தான், பள்ளிக்கூடம் போனால் எல்லாம் சரியாகும் என்று அம்மம்மாமார் சொல்வார்கள். அவர்கள் அன்பினால் சொல்கிறார்கள். சில பிள்ளைகள் பிந்திக் கதைப்பதும் உண்மையே. ஆனால் எந்தப் பிள்ளை தானாகவே கதைக்கும், எந்தப் பிள்ளைக்கு உதவி வேண்டும் என்பதை வீட்டில் இருந்துகொண்டு தீர்மானிக்க முடியாது. ஐந்து வயதாகுமுன் பிள்ளையின் மூளை வளர்ந்தவரின் மூளைப் பருமனில் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது. கேட்பதும் பார்ப்பதும் பழகுவதும் அந்த ஆண்டுகளில்தான் ஆழமாகப் பதிகின்றன. ஆகவே இரண்டு வயதில் தொடங்கும் உதவியின் பலன் எட்டு வயதில் தொடங்கும் உதவியில் எளிதாகக் கிடைப்பதில்லை. அதற்காக, பிந்தியவர்கள் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. எந்த வயதிலும் பிள்ளை கற்கும். ஆனால் அறிந்துகொண்டே பிந்துவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள் சில உண்டு. ஒரு வயதாகியும் மழலை ஒலி எழுப்பாமல் இருப்பது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது. ஒன்றரை வயதாகியும் நிலவையோ காகத்தையோ விரலால் சுட்டிக் காட்டாமல் இருப்பது. அந்த வயதிலும் ஒரு சொல்லேனும் வராமல் இருப்பது. இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லாமல் இருப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, முன்பு சொன்ன சொற்களை எந்த வயதிலாவது விட்டுவிடுவது. இவற்றில் ஒன்றைக் கண்டவுடன் பிள்ளைக்கு ஓட்டிசம் என்று முடிவு கட்ட வேண்டாம். காது கேளாமையாகவும் இருக்கலாம். வேறு வளர்ச்சித் தாமதமாகவும் இருக்கலாம். ஆனால் காட்டாமல் இருக்க வேண்டாம். நம் நாட்டில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு ஒன்று கொடுக்கப்படுகிறது. நிறையையும் தடுப்பூசியையும் மட்டும் அதில் பார்க்கிறோம். எந்த வயதில் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்பதும் அதிலே இருக்கிறது. வீட்டுக்கு வரும் குடும்பநல மாதுவிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டிக் கேளுங்கள். களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையும் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையும் தேற்றாத்தீவிலிருந்து ஒரே வீதியில்தான் இருக்கின்றன.

நம் நாட்டில் நடந்த ஓர் ஆய்வு இங்கே நினைக்கத் தக்கது. பேராசிரியை ஹேமமாலி பெரேராவும் அவருடன் பணியாற்றியவர்களும் 18 மாதம் முதல் 24 மாதம் வரையான 374 பிள்ளைகளைப் பரிசோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 4 பிள்ளைகளுக்கு, அதாவது 93 பேருக்கு ஒருவர் வீதம், ஓட்டிசம் இருந்தது. தாய்மாரிடம் மேல்நாட்டு வினாத்தாளை மொழிபெயர்த்துக் கேட்டபோது, அந்த நால்வரில் ஒரு பிள்ளையை மட்டுமே அது காட்டிக் கொடுத்தது. எண்ணிக்கை சிறியதுதான், என்றாலும், பெற்ற தாயின் கண்ணுக்கும் இது எளிதில் புலப்படுவதில்லை என்பது விளங்குகிறது. இதை உணர்ந்து, எழுத்துக்குப் பதிலாகப் படங்களைக் காட்டிக் கேட்கும் முறையொன்றைப் பின்னர் அவரே அமைத்தார்.

அந்தச் சிகிச்சை என்ன?

ஓட்டிசத்தை மாற்றும் மருந்தோ ஊசியோ இல்லை. அப்படி ஒன்று உண்டென்று சொல்லிப் பணம் கேட்பவர் வைத்தியராயினும் பரியாரியாயினும் அவரை நம்ப வேண்டாம். செய்யக்கூடியது பயிற்சி. ஒரு பெரிய காரியத்தைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியையும் பிள்ளையோடு விளையாட்டாகப் பலமுறை செய்து, பிள்ளை முயன்றவுடன் அந்த நொடியிலேயே மகிழ்ந்து பாராட்டுவது. அவ்வளவுதான்.

ஓர் எடுத்துக்காட்டுப் பாருங்கள். தாகம் எடுத்த பிள்ளை தாயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தண்ணீர்க் குடத்தண்டை போகிறது. தாய் உடனே வார்த்துக் கொடுத்தால் தாகம் தீரும், பேச்சு வளராது. அவள் பிள்ளையின் கண்மட்டத்துக்குக் குந்தி இருக்கிறாள். கோப்பையைத் தன் முகத்தருகே பிடித்துத் "தண்ணி" என்கிறாள். சற்றுப் பொறுத்திருக்கிறாள். பிள்ளை ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தால் போதும். தண்ணீர் கிடைக்கிறது, முத்தமும் கிடைக்கிறது. சில கிழமைகள் கழித்துப் பார்வையோடு ஒரு "த" வருகிறது. பிறகு ஒருநாள் "தண்ணி" வருகிறது. சொல் வராத பிள்ளைக்குக் கோப்பையின் படத்தை எடுத்துக் கொடுக்கப் பழக்கலாம், அதுவும் பேச்சுத்தான். சட்டை போடப் பழக்குவதும் இப்படியே. எல்லாவற்றையும் தாய் செய்து, கடைசியாகச் சட்டையைக் கீழே இழுத்துவிடுவதை மட்டும் பிள்ளைக்கு விடுவாள். அது பழகியபின் கையை நுழைப்பதையும் விடுவாள்.

பிள்ளை விழுந்து அழுது கத்தும்போதும் யோசிக்க ஒரு முறை உண்டு. அழுகைக்கு முன் என்ன நடந்தது? அழுதபின் என்ன கிடைத்தது? அழுதவுடன் இனிப்புக் கிடைத்தால், இனிப்புக்கு வழி அழுகை என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். ஆனால் பட்டாசுச் சத்தத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளை பிடிவாதம் பிடிக்கவில்லை. அந்தச் சத்தம் அதற்கு உண்மையிலேயே வலிக்கிறது. அங்கே வேண்டியது அமைதியான ஓர் இடம்.

அடிக்கலாமா? கூடவே கூடாது. இந்தப் பயிற்சியை உலகறியச் செய்தவர் அமெரிக்காவில் லோவாஸ் என்ற உளவியலாளர். 19 பிள்ளைகளுக்குக் கிழமைக்கு 40 மணித்தியாலம் பயிற்சி கொடுத்து, அவர்களில் 9 பேர் மற்றப் பிள்ளைகளைப் போலப் பள்ளிப் படிப்பைத் தொடங்கினார்கள் என்று 1987-இல் அவர் எழுதினார். அந்தக் காலத்து முறையில் அதட்டலும் அடியும்கூட இருந்தன. அவை தவறு என்று பின்வந்தவர்கள் கைவிட்டார்கள். விளையாட்டின் வழியாகவும் பாசத்தின் வழியாகவும் கற்பிப்பதே இன்று போற்றப்படும் முறை. அத்தனை பெரிய பலன் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கும் என்று இன்று எவரும் வாக்குக் கொடுப்பதில்லை. ஒரு பிள்ளை அதிகம் முன்னேறும், இன்னொன்று சிறிதளவே முன்னேறும். பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் போல ஆக்குவது நம் நோக்கமாக இருக்கவும் கூடாது. பிள்ளை தனக்கு வேண்டியதைக் கேட்கவும், நோவதைச் சொல்லவும், தன் இயல்போடு சமாதானமாக வாழவும் வழி திறப்பதே நோக்கம்.

ஏழை வீட்டில் இது நடக்குமா?

கிழமைக்கு 40 மணித்தியாலம் பயிற்சி கொடுக்கும் நிபுணருக்கு வாவிக்கரையில் எங்கே போவது என்று நீங்கள் கேட்பது நியாயம். கொழும்பு லேடி றிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரியிலும் இதே கேள்வி எழுந்தது. அங்கே தாய்மாருக்கே பயிற்சி முறையைக் கற்றுக்கொடுத்து, வீட்டில் நாளாந்தம் செய்யச் சொன்னார்கள். அப்படிச் செய்த பிள்ளைகள், செய்யாத பிள்ளைகளைவிடப் பழகுவதிலும் கருத்தை வெளிப்படுத்துவதிலும் முன்னேறியதாக 2016-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. இந்தியாவில் கோவாவிலும் பாகிஸ்தானில் ராவல்பிண்டியிலும், நிபுணரல்லாத சாதாரணப் பணியாளர்கள் 65 பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேரின் பெற்றோருக்கு 12 தடவைகள் வழிகாட்டினார்கள். அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே பெற்றோரை நாடித் தொடர்புகொள்வது மற்றவர்களைவிடக் கூடியது என்று 2015-இல் அறிவித்தார்கள். அதே 2015-இல்தான், கோவாவிலிருந்து வந்து நம் நாடெங்கும் கால்நடையாய்த் திரிந்து திருச்சபையைக் காத்த யோசேவ் வாஸ் அடிகளார் கொழும்பில் புனிதராக உயர்த்தப்பட்டார். ஆளும் வசதியும் இல்லாத இடத்தில் சாதாரண மக்களைக் கொண்டே பெரிய வேலை நடக்கும் என்பதற்கு அவர் வாழ்வே சாட்சி. தமிழகத்தின் ஆய்க்குடியிலும், கழுத்துக்குக் கீழே அசைவிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள் கிராமங்களுக்குப் போய், பிள்ளையின் வீட்டிலேயே தாய்க்குக் கற்றுக்கொடுத்து வருகிறார்கள்.

ஆகவே பன்பாயில் இருந்து விளையாடும் அரை மணித்தியாலமும், சோறூட்டும் நேரமும், கிணற்றடியில் வார்க்கும் நேரமும் சிகிச்சை நேரங்களாகலாம். வைத்தியசாலை வழியைக் காட்டும். நாளாந்தம் வீடு நடக்கும்.

பங்கு மக்களே, உங்களுக்கும் ஒரு சொல்

இந்தப் பாரத்தைத் தாய் ஒருத்தியின் தலையில் வைத்துவிட்டு மற்றவர்கள் ஒதுங்குவது கிறிஸ்தவம் ஆகாது. தகப்பன்மாரே, உழைத்துக் காசு கொடுப்பதோடு உங்கள் கடமை முடிந்துவிடுவதில்லை. அலைந்து திரிந்து வேலை செய்த கைகளினால் ஒரு பிள்ளைக்குத் தொழில் பழக்கியவர் சூசையப்பர். உங்கள் பிள்ளையோடு தரையில் இருந்து விளையாட உங்களுக்கு வெட்கம் வேண்டாம்.

பூசை நேரத்தில் ஒரு பிள்ளை சத்தமிட்டால், திரும்பிப் பார்க்கும் நூறு கண்கள் அந்தத் தாயை அடுத்த ஞாயிறு வீட்டிலேயே இருக்கச் செய்துவிடுகின்றன. ஒரு வருடம் கழித்து, அந்தக் குடும்பம் கோயிலுக்கு வருவதில்லை என்று நாமே குறை சொல்கிறோம். 2014 நவம்பரில் வத்திக்கானில் ஓட்டிசம் உள்ளவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் தம்மிடம் வரவழைத்துச் சந்தித்த திருத்தந்தை பிரான்சிஸ், அவர்களைத் தனிமைப்படுத்தும் ஒதுக்கலை உடைக்கும்படி எல்லோரையும் கேட்டுக்கொண்டார். மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் முடக்குவாதக்காரனைச் சுமந்து வந்தவர்கள் நால்வர். கூட்டம் வழிவிடாததால் அவர்கள் கூரையைப் பிரிக்க வேண்டியதாயிற்று. நம் பங்கிலே எந்தத் தாயும் கூரையைப் பிரிக்க வேண்டிய நிலை வரக் கூடாது. கிளினிக் நாளில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அயலவர், கூடப் போக ஒரு மாமி, முன்பள்ளியில் மனமுவந்து சேர்த்துக்கொள்ள ஓர் ஆசிரியை, கோயிலில் கதவோரம் ஒதுக்கி வைத்த ஒரு வாங்கு. இவை பெரிய செலவில்லாத உதவிகள்.

அன்பானவர்களே, தேற்றுவது என்றால் தெளிய வைப்பது. தேற்றுவது என்றால் ஆறுதல் கொடுப்பது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். தூய ஆவியாரைத் தேற்றரவாளர் என்று நம் முன்னோர் அழைத்ததும் இந்தச் சொல்லால்தான். ஆறுதலை மட்டும் கொடுத்துவிட்டுத் தெளிவைக் கொடாமல் விட்டால் அது அரைகுறைத் தேற்றம். எல்லாம் சரியாகும் என்று சொல்லிப் பிள்ளையின் காலத்தைக் கடத்துவது அந்த அரைகுறைத் தேற்றமே.

அடுத்த தடவை தேற்றாத்தீவுக்குப் போகும்போது வழக்கம்போல மெழுகுதிரி ஏற்றுங்கள். கைவிடப்பட்ட காரியம் என்று எதையும் கருதாத புனித யூதா ததேயுவிடம் உங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லி மன்றாடுங்கள். அடுத்த கிளினிக் நாளில் பதிவேட்டை எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். முதல் தடவையில் மங்கலாகவே தெரிந்தாலும் கையை எடுத்துவிடாதீர்கள். பெத்சாயிதாவில் ஆண்டவரும் எடுத்துவிடவில்லை. உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை பேசும் முதற்சொல் எந்த வயதில் வந்தாலும், சொல்லாக வந்தாலும் ஒரு பார்வையாக வந்தாலும், அதைக் கேட்க ஆண்டவரும் உங்களோடு குந்தியிருக்கிறார் என்பதை மறவாதீர்கள்.

அவருடைய சமாதானம் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.